தொட்டிக்கரையில் தும்புத்தடி

அத்தியாயம் 14

மட்டுவிலிலிருந்து ஒரு வாசகி எழுதிக் கேட்டிருக்கிறார்: "கடலும் களப்பும் காலடியில் கிடக்க, மார்க்கண்டுத் தண்டயலுக்கு வளவுக்குள் தொட்டி எதற்கு? ஆளுக்கு மூளை ஏதும் தட்டிவிட்டதா?" நல்ல கோபத்தோடு எழுதியிருக்கிறார். இடையில் நாலைந்து வாரம் புத்தகம் கைக்குக் கிடைக்கவில்லை போலும். அவருக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்டைமானாற்று மார்க்கண்டர் முப்பது வருஷம் கடலில் வத்தைப் படகு ஓட்டிய தண்டயல். இப்போது கரையேறிவிட்டார். மனைவி குணலட்சுமி. ஒரே மகள் பத்மாசினிக்கு வயது இருபது. ஐந்து வயதில் வந்த காய்ச்சலோடு அவளுடைய வலக்கால் சூம்பிப்போனது. காலுக்கு இரும்புச் சட்டம், கக்கத்துக்குப் பொல்லு.

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் மிஸ் சொல்லியிருந்தாள்: நெஞ்சளவு தண்ணீரில் நாள்தோறும் நடக்க வேண்டும், ஒரு வருஷம் விடாமல் நடந்தால் பொல்லை வீசலாம். களப்பில் நடக்கலாமே என்று கேட்பீர்கள். வலை இழுக்கிற ஆண்களுக்கு நடுவே குமர்ப்பிள்ளையைத் தகப்பன் தூக்கிக்கொண்டு போய் இறக்குவது எத்தனை நாளைக்கு? அதனால்தான் வளவுக்குள் தொட்டி. ஊர் சிரித்தது. மார்க்கண்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சென்ற வாரம் தொட்டியை நிரப்பிப் பார்த்தபோது ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பிறகு அதை இறைத்துவிட்டுச் சுற்றிவரச் சீமெந்து நிலம் போடத் தொடங்கினார்கள்.

தொட்டி கேட்டது பத்மாசினி இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒருத்தரும் என்னைத் தூக்கக் கூடாது. குசினி வாசலாலை நானே நடந்துபோய் நானே தண்ணிக்குள்ளை இறங்கோணும்."

அந்த ஒன்றுதான் இந்தப் புதன்கிழமை தவறிப்போகப் பார்த்தது.

•

ஆனி மாதச் சோளகக் காற்று விடியமுன்னமே தொடங்கிவிட்டது. அறுபத்தெட்டாம் ஆண்டுச் சோளகத்தை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். வேலி ஓலைக் கிடுகெல்லாம் படபடத்துக்கொண்டிருந்தது.

மார்க்கண்டர் முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய்விட்டார். தொட்டிப் படிக்குக் கைபிடியாகப் போட ஒரு குழாய் வாங்க வேண்டும். குணலட்சுமி குசினியில் சமைத்துக்கொண்டிருந்தாள். பத்மாசினி பொல்லை ஊன்றிக்கொண்டு தொட்டியடிக்கு வந்தாள்.

கிழக்குப் பக்கத்து நிலம் ஞாயிற்றுக்கிழமை போட்டது. மூன்று நாளாக அதன் மேல் சாக்கு விரித்துத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். சீமெந்து காயக் காய நனைத்தால்தான் இறுகும், இல்லாவிட்டால் வெடித்துப்போகும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் பாடமாகிவிட்டது. எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க அவளுக்கு ஆசை. ஒரு சாக்கைப் பொல்லால் தள்ளினாள்.

சிவப்பு. பளபளவென்று, கல்யாண வீட்டு விறாந்தை மாதிரி மினுங்கியது. தண்ணீர் அதன் மேல் மெல்லிய தகடாக நின்றது.

இதில் எப்படி நடப்பது? இருந்தும் பார்த்துவிடுவோம் என்று பொல்லை அதன் மேல் வைத்தாள். இரும்புச் சட்டக் காலையும் வைத்தாள். இரண்டாவது அடியில் பொல்லு விலகிப் போனது.

நல்ல காலம், வெளிப்பக்கமாக விழுந்தாள். உள்பக்கம் விழுந்திருந்தால் நெஞ்சளவு ஆழத்துக்கு வெறும் கொங்கிறீற். முழங்கை உரசி இரத்தம் கசிந்தது. அம்மா என்று கத்த வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள். அம்மா கண்டால் தொட்டியும் வேண்டாம், நடையும் வேண்டாம் என்று அழத் தொடங்கிவிடுவாள்.

மண்ணில் இருந்தபடியே யோசித்தாள். ஆஸ்பத்திரி மிஸ் ஒரு கடதாசியில் கொட்டை எழுத்தில் எழுதித் தந்திருந்தாள். தொட்டியைச் சுற்றி நிலம் மினுக்கக் கூடாது, ஈரத்திலும் கால் பிடிக்கிற சொரசொரப்பு வேண்டும். அந்தக் கடதாசியைப் பத்மாசினி அப்பாவின் கையில்தான் கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்ததையும் கண்ணால் கண்டாள்.

•

மேசன் நீக்கிலாப்பிள்ளை ஏழரைக்கு வந்தார். கூட யாகோப்பு. இருவரும் முப்பது வருஷமாகச் சேர்ந்து வேலை செய்கிறவர்கள். ஒருவர் நினைத்தால் மற்றவரின் கை அசையும்.

இன்றைக்கு மேற்குப் பக்கம். குசினி வாசலில் இருந்து தொட்டிப் படிவரைக்கும், நாலடி அகலம், பதினெட்டு அடி நீளம். பத்மாசினி வாழ்நாள் முழுக்க நடக்கப்போகிற பாதை அதுதான்.

நல்ல தண்ணீரும் வந்து இறங்கியது. வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் உப்புக் கலந்திருக்கிறது, கலவைக்கு ஆகாது, உள்ளே போகிற கம்பி கறள் பிடித்து நிலத்தைப் பிளந்துவிடும் என்று நீக்கிலாப்பிள்ளை முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் பீப்பாயில் வண்டிலேற்றி வருகிறது. வேலையில் ஆள் அவ்வளவு கவனம். அதனால்தான் அவரோடு கதைப்பது கஷ்டம்.

சல்லியும் மணலும் சீமெந்தும் சேர்த்துப் புரட்டிக் கொட்டினார்கள். இடித்து இறுக்கினார்கள். நீக்கிலாப்பிள்ளை மட்டப்பலகையைப் பிடித்து, அடிக்குக் கால் அங்குலம் வெளிப்பக்கம் வாட்டம் விட்டு இழுத்தார். இளகிய கொங்கிறீற்றில் தண்ணீர் மெல்ல மேலெழுந்து மினுங்கியது. சோளகம் அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது. யாகோப்பு காற்றுப் பக்கமாகக் கிடுகுகளைச் சாய்த்து மறைப்புக் கட்டினான்.

அதுவரை பொறுத்திருந்த பத்மாசினி கிட்டப் போனாள்.

"ஐயா, அப்பா உங்களிட்டை ஒரு கடதாசி தந்தவரோ?"

"என்ன கடதாசி, பிள்ளை?"

"ஆஸ்பத்திரி மிஸ் எழுதினது. நிலத்தை மினுக்க வேண்டாம், சொரசொரப்பாய் விடச்சொல்லி."

நீக்கிலாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "தண்டயலார் எனக்குச் சொன்னது வேறை. 'நீக்கிலா, குனிஞ்சால் முகம் தெரியோணும். சிரிச்ச சனம் எல்லாம் வந்து பாக்கும்' எண்டவர்."

பத்மாசினிக்கு இப்போதுதான் விளங்கியது. அப்பா மறக்கவில்லை. தெரிந்துகொண்டுதான் கொடுக்காமல் விட்டிருக்கிறார். ஊருக்குக் காட்ட ஒரு மினுக்கம் வேண்டியிருந்திருக்கிறது. அவருக்காகச் சொல்வதென்றால், தன் மகள் அதில் விழுவாள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். முப்பது வருஷம் அலையில் நின்று பழகிய கால் அவருடையது.

"இதை மினுக்காதேங்கோ ஐயா. கும்பிட்டுக் கேக்கிறன்."

"மினுக்காமல்? பொருக்காய் விட்டிட்டுப் போகச் சொல்லுறியோ? நாளைக்கு ஆராவது வந்து 'இது ஆர் செய்த வேலை' எண்டு கேட்டால்? பிள்ளை, சுவாமியார் வீட்டு விறாந்தை போட்டவன் நான். பதினாறு வருஷம், ஒரு கீறல் இல்லை."

"சுவாமியார் ரெண்டு காலாலை நடக்கிறவர்."

அவர் சிவப்புத் தூள் கரைத்து வைத்த வாளியைக் கிட்ட இழுத்தார்.

பத்மாசினி கக்கத்திலிருந்த பொல்லை எடுத்து அவரிடம் நீட்டினாள். ஒரு கையால் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒருக்கா இதைப் பிடியுங்கோ. வலக்காலைத் தூக்கிக்கொண்டு, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை போட்ட நிலத்திலை ஆறடி நடந்து காட்டுங்கோ. நடந்தியள் எண்டால் நான் பிறகு வாய் திறக்கேல்லை."

"உது என்ன விளையாட்டு?"

"நடவன் நீக்கிலா," என்றான் யாகோப்பு. "உன்ரை நிலந்தானே?"

வேறு யாரும் கேட்டிருந்தால் நீக்கிலாப்பிள்ளை திரும்பியும் பார்த்திருக்க மாட்டார். யாகோப்பு கேட்டுவிட்டான். அவர் பொல்லை வாங்கினார், கிழக்குப் பக்கம் போனார், சாக்கை உதறித் தள்ளினார், காலைத் தூக்கினார். முதல் அடி சரி. இரண்டாவது அடி சரி. மூன்றாவதில் பொல்லு வழுக்கி, நாற்பது வருஷ மேசன் தான் போட்ட நிலத்தில் தானே தொபீரென்று குந்தினார்.

யாகோப்புவின் சிரிப்பு வேலி தாண்டிப் போனது.

நீக்கிலாப்பிள்ளை உடனே எழும்பவில்லை. உள்ளங்கையால் அந்தச் சிவப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு பத்மாசினியின் முழங்கையைப் பார்த்தார். இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"விடிய இதிலை விழுந்தனியோ?"

"ஓம்."

"ஏன் பிள்ளை எனக்கு முதலே சொல்லேல்லை?" அவருடைய குரல் இறங்கிவிட்டது. "சரி. தும்புத்தடி இருக்கோ? புதிசு வேணும். ஈர்க்கு விளக்குமாறு கூடாது, அது கிழிச்சுப்போடும். தும்பு எண்டால் மெல்லிசாய் வரி விழும். குறுக்காலை வரி வரியாய் இழுத்துவிட்டால் பொல்லும் நிக்கும், காலும் நிக்கும். தண்ணியும் வரிக்குள்ளாலை வெளியிலை ஓடிவிடும்."

"எப்ப இழுக்கிறது?"

"மேலை நிக்கிற தண்ணி வத்தோணும். விரலாலை அமத்தினால் அடையாளம் விழோணும், ஆனால் விரலிலை ஒட்டக் கூடாது. முந்தினால் கூழாய் வரும். பிந்தினால் ஒண்டும் பிடியாது." வானத்தைப் பார்த்தார். "இந்தக் காத்துக்கு இன்னும் கால் மணித்தியாலம். அதுக்குப் பிறகு காச்சுமூச்செண்டு கத்தியும் பிரயோசனம் இல்லை."

நீளப் பிடியில் தேங்காய்த் தும்பு கட்டிய புதுத் தும்புத்தடி ஒன்று சாமான் அறையில் இருந்தது. பத்மாசினி அவரிடமிருந்து பொல்லைத் திருப்பி வாங்கிக்கொண்டு, தடியை எடுத்துவரத் திரும்பினாள். குசினி வாசலில் குணலட்சுமி நின்றாள். யாகோப்புவின் சிரிப்பைக் கேட்டு வெளியே வந்தவள், கடைசி வார்த்தைகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

•

"தும்புத்தடியோ?" என்றாள் குணலட்சுமி. "புது நிலத்திலையோ? வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வைச்சிருக்கிறன். அதுக்கு முதல் அதிலை தும்புத்தடி போடுறதோ?"

"அம்மா, இது கூட்டுறது இல்லை. வரி போடுறது."

"என்ன பேர் வைச்சாலும் விளக்குமாறு விளக்குமாறுதான். என்ரை உயிர் போனாலும் விடமாட்டன்."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாகப் போட்ட நிலத்தில் பால் பொங்குமுன் விளக்குமாறு பட்டால் மூதேவி குடிவந்துவிடுவாள் என்று பயப்படுகிற வீடுகள் எங்கள் பக்கத்தில் உண்டு. குணலட்சுமியின் பயம் அதைவிடப் பெரிது. பத்மாசினிக்கு ஐந்து வயதானபோது இந்த வீட்டு மண்டபத்துக்குச் சீமெந்து போட்டார்கள். பால் காய்ச்ச ஒரு நாள் இருக்க, அந்த நிலத்தைக் குழந்தை விளையாட்டுக்குக் கூட்டிவிட்டது என்பது வீட்டுக்கதை. இரண்டு மாதத்தில் காய்ச்சல். கால் போயிற்று. அன்றிலிருந்து பத்மாசினியின் கையில் விளக்குமாறு கொடுப்பதில்லை. வேலை செய்ய இயலாத பிள்ளை என்பதற்காக என்று வெளியாட்கள் நினைத்தார்கள். அவளுக்குக் காரணம் தெரியும்.

"ஐயா, நீங்களே இழுங்கோ," என்று பத்மாசினி நீக்கிலாப்பிள்ளையைப் பார்த்தாள்.

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "எனக்கு உந்த நம்பிக்கை இல்லை, பிள்ளை. ஆனால் வீட்டுக்காரி வேண்டாம் எண்டுற இடத்திலை நான் தொடமாட்டன். நாளைக்கு இந்த வீட்டிலை ஒரு தும்மல் வந்தாலும் மேசன் செய்த வேலை எண்டுவியள். உங்கடை வீட்டு ஆக்கள் ஆராவது பிடியுங்கோ. எப்பிடி இழுக்கிறது எண்டு சொல்லித்தாறன்."

யாகோப்பு குந்தியிருந்து ஓரத்தில் விரலை அமத்தினான். விரலில் ஈரம் ஒட்டியது. "இன்னும் இல்லை. ஆனால் வருது."

பத்மாசினி தாயைத் தாண்டி உள்ளே போனாள். சாமான் அறைக் கதவு கிரீச்சிட்டது. திரும்பி வந்தபோது ஒரு கக்கத்தில் பொல்லு, மறு கையில் தும்புத்தடி.

குணலட்சுமி ஓடிவந்து தடியைப் பிடித்தாள்.

"விடுங்கோ அம்மா."

"உனக்கு என்ன விசரோ? நீ தொடக் கூடாது. ஆர் தொட்டாலும் நீ தொடக் கூடாது!"

"தொடாட்டி மேசன் ஐயா மினுக்கிப்போட்டுப் போவார். நான் அதிலை விழுவன். விழுந்தால் பிறகு அப்பா தூக்கிக்கொண்டு போவார். அப்பாவுக்குப் பிறகு ஆர் தூக்கிறது? நீங்களோ?"

"நான் தூக்கிறன்! சாகுமட்டும் தூக்கிறன்!"

"எனக்கு வேண்டாம்!"

இருவரும் ஒரு தும்புத்தடியின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நீக்கிலாப்பிள்ளை வேறு பக்கம் பார்த்தார்.

"வத்துது," என்றான் யாகோப்பு மெதுவாக.

பத்மாசினிக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "ஏனம்மா பயப்பிடுறியள்? ஏற்கெனவே ஒருக்கா தொட்டனான்தானே? அதுக்குத்தானே கால் போனது? இன்னும் என்ன இருக்கு போக? மற்றக் காலோ? போகட்டும்!"

குணலட்சுமியின் கை தடியிலிருந்து நழுவியது.

"நீ தொடேல்லை," என்றாள்.

"என்ன?"

"நீ தொடேல்லைப் பிள்ளை. அண்டைக்கு அந்த நிலத்தைக் கூட்டினது நான்."

காற்று ஒரு கிடுகைப் பிடுங்கி எறிந்தது. யாரும் அதை எடுக்கப் போகவில்லை.

"அண்டைக்கும் இப்பிடித்தான் சோளகம். மண்டபம் முழுக்க மணல். பின்னேரம் சனம் பாக்க வருகுது. ஒரு கண நேரம் எண்டு நினைச்சுக் கூட்டிப்போட்டன். நீ பக்கத்திலை மண்ணிலை இருந்து விளையாடினாய். உன்ரை அப்பாச்சி வந்து நிலத்தைப் பாத்திட்டு, ஆர் கூட்டினது எண்டு கேட்டா. மாமி எண்டால் நான் நடுங்குவன். பிள்ளை விளையாட்டுக்கு இழுத்துப்போட்டுது எண்டு சொல்லிப்போட்டன். அவ சிரிச்சா. சின்னப்பிள்ளைதானே எண்டா. அதோடை முடிஞ்சுது எண்டு இருந்தன்." மகளின் காலைப் பார்த்தாள். "ரெண்டு மாசத்திலை உனக்குக் காய்ச்சல் வந்தது. அதுக்குப் பிறகு நான் எப்பிடிச் சொல்லுறது? என்னெண்டு சொல்லுறது?"

பத்மாசினி தடியைக் கீழே இறக்கினாள். பதினைந்து வருஷம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் "நான் குழப்படி செய்தனான், அதாலை" என்று சொல்லியிருக்கிறாள். கனவில்கூட அந்த விளக்குமாறு அவள் கையில் இருந்திருக்கிறது. கைப்பிடி சொரசொரத்தது நினைவிருக்கிறது என்றுகூட நம்பியிருந்தாள்.

"அது கிருமி, அம்மா," என்றாள். "விளக்குமாறு இல்லை. ஆஸ்பத்திரியிலை என்னோடை எத்தினை பிள்ளையள். எல்லாற்றை வீட்டிலையுமோ கூட்டினவை? அது எனக்கு இப்ப தெரியும். ஆனால் அஞ்சு வயசிலை எனக்குத் தெரியாது. ஏழு வயசிலை தெரியாது. பத்து வயசிலை சாமி அறையிலை நிண்டு மன்னிப்புக் கேட்டனான். நீங்கள் பாத்துக்கொண்டு நிண்டனியள்."

குணலட்சுமி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

"பிள்ளை." நீக்கிலாப்பிள்ளையின் குரல். அவர் யாரையும் பார்க்கவில்லை. ஓரத்தில் அமத்திய விரலை உயர்த்திக் காட்டினார். காய்ந்த விரல். "வந்திட்டுது. இப்ப இல்லாட்டி இல்லை."

•

நாலடி அகல நிலத்தில் வரி இழுக்க, வெளிப்பக்க மண்ணில் நின்று தடியை எட்டப் போட்டுத் தன் பக்கம் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு திரணை மேடாக நிற்கும். இரண்டு கையும் வேண்டும்.

பத்மாசினி முதல் தடவை ஒரு கையால் இழுத்துப் பார்த்தாள். தடி கோணியது. நீக்கிலாப்பிள்ளை சாந்தகப்பையால் அந்த இடத்தைத் தடவிச் சரிசெய்தார்.

"ரெண்டு கையும், பிள்ளை."

இரண்டு கையும் என்றால் பொல்லை விட வேண்டும். பொல்லை விட்டால் நிற்க முடியாது. அவள் சுற்றிப் பார்த்தாள். யாகோப்பு ஓரடி முன்னால் வந்தான். ஒரு அந்நிய ஆண்பிள்ளை இடுப்பைப் பிடிப்பதாவது. அவனுக்கும் அது விளங்கி நின்றுவிட்டான்.

பத்மாசினி பொல்லை மண்ணில் போட்டாள். திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"வந்து இடுப்பைப் பிடியுங்கோ."

குணலட்சுமி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு வந்தாள். மகளின் பின்னால் நின்று இரண்டு கையாலும் இடுப்பைப் பிடித்தாள்.

தும்புத்தடியைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். இழுத்தாள். சர்ரென்று ஒரு சத்தம். நாலடிக்கு நேர் வரிகள், நூல் நூலாக.

"அப்பிடித்தான்," என்றார் நீக்கிலாப்பிள்ளை. "அமத்தாமல். தடியின்ரை பாரம் காணும். தும்பைத் தண்ணியிலை தோய்ச்சு உதறிப்போட்டு அடுத்தது."

இன்னொன்று. இன்னொன்று. ஒவ்வொரு இழுவைக்கும் தாயும் மகளும் சேர்ந்து ஒரு அடி பக்கவாட்டில் நகர வேண்டியிருந்தது. பதினெட்டு அடியும் அப்படித்தான் போக வேண்டும். குணலட்சுமியின் கண்ணீர் மகளின் சட்டை முதுகில் விழுந்தது. அவள் துடைக்கவில்லை, கையை எடுக்க ஏலாது.

பாதி தூரத்தில் குணலட்சுமி கேட்டாள். "என்னிலை கோவமோ?"

"ஓம்."

சர்ரென்று ஒரு வரி விழுந்தது.

"நல்லாய்க் கோவமோ?"

"ஓம் அம்மா. வலப்பக்கம் நகருங்கோ, காயுது."

நகர்ந்தார்கள். கடைசி மூன்றடியில் நிலம் இறுகத் தொடங்கிவிட்டது. தும்பு வழுக்கியது. நீக்கிலாப்பிள்ளை மேலே துளித் தண்ணீர் உதறி, "இப்ப கொஞ்சம் அமத்து," என்றார். பத்மாசினி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். வரி விழுந்தது. மெல்லிசுதான். ஆனாலும் வரி.

"காணும்," என்றார் அவர். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல், "இதிலை வழுக்காது. கிழக்குப் பக்கத்தையும் வாற கிழமை கொத்தித்தாறன்," என்றார். ஞாயிற்றுக்கிழமை போட்ட அந்தச் சிவப்பைத் தன் வாயாலேயே கொத்துகிறேன் என்று சொல்ல அந்த மனிதருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

பத்மாசினி நிலத்தைப் பார்த்தாள். குசினி வாசலில் இருந்து படிவரைக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு பாதை. அவளுக்குச் சந்தோஷப்பட வேண்டும்போல் இருந்தது. வரவில்லை.

அப்போதுதான் யாகோப்பு தெரு வாசல் படலைப் பக்கம் பார்த்துத் தலைத்துண்டை அவிழ்த்தான்.

படலைக்கும் கிணற்றுக்கும் நடுவில் மார்க்கண்டர் நின்றார். தோளில் நீளக் குழாய். எத்தனை நேரமாக நிற்கிறாரோ, குணலட்சுமி சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்துவிட்டது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சட்டைப் பையில் இருந்த அந்தக் கடதாசி அவரைக் குத்திக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் மகளிடம் பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நினைத்து, வார்த்தைகளையும் யோசித்து வைத்திருந்தார். இப்போது அந்த வார்த்தைகள் எல்லாம் அவருக்கு மறந்துபோயின.

"அப்பா," என்றாள் பத்மாசினி.

அவர் மகளைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார்.

"குணம்." சத்தமாகச் சொல்லவில்லை. கடலில் கூப்பிட்டுப் பழகிய அந்தத் தொண்டையிலிருந்து இவ்வளவு சின்னக் குரல் வருமென்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். "என்ரை அம்மா ஒன்பது வருஷம் படுக்கையிலை கிடந்தவ. இந்தப் பிள்ளை பொல்லை ஊண்டிக்கொண்டு செம்பிலை தண்ணி கொண்டுபோய் நீட்டும். ஒரு நாள் வாங்கிக் குடிக்கேல்லை. குடியைக் கெடுத்த கை எண்டு முகத்தைத் திருப்பிப்போடுவா. சாகிற அண்டைக்கும் குடிக்கேல்லை. ஒவ்வொரு நாளும் அந்தச் செம்பைத் திருப்பி வாங்கினது நீதானே?"

குணலட்சுமி மகளின் இடுப்பிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள்.

பத்மாசினியின் உடம்பு முன்னால் சாய்ந்தது. ஈர நிலம் கண்ணுக்கு நேரே எழும்பி வந்தது. தும்புத்தடியை மண்ணில் குத்திக்கொண்டு ஒருவாறு நின்றுவிட்டாள். நீக்கிலாப்பிள்ளை "யேசுவே" என்றார்.

"கையை எடுக்காதேங்கோ அம்மா," என்றாள் பத்மாசினி. மூச்சு இரைத்தது. "எனக்கு இன்னும் கோவந்தான். அது போகாது போலத்தான் இருக்கு. ஆனால் கையை எடுக்காதேங்கோ."

குணலட்சுமி மறுபடியும் பிடித்தாள்.

மார்க்கண்டர் குழாயை இறக்கவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரட்டும் என்று அங்கேயே நின்றார்.